கலை விமரிசகர் கல்கியும் தமிழிசையும்

பொருட்செல்வத்தை ஈட்டுதலிலும் காத்தலிலும் அறநெறியிற் செலவிடுதலிலும் நம் நகரத்தார் மரபு பெற்ற புகழை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருப்பணி செய்யப்பெற்ற கோயில்களும், வெட்டப்பெற்ற ஊருணிகளும், நிறுவப்பெற்ற கல்விச்சாலைகளும் அதற்குச் சான்று பகரும். திருவள்ளுவரோ பொருட்செல்வத்தோடு அமையாது, கேள்வியையும் ஒரு செல்வமென மதித்து அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். செவியுடையார் யாவர்க்கும் கேட்டல் இயல்பாக அமைவது போலத் தோன்றும். எனினும் நன்கு கேட்டலும், கேட்டதன் நயமும் குறையும் உணர்தலும் பயிற்சியினால் வருவன. அப்பயிற்சியைப் பத்திரிகை வாயிலாகத் தமிழ் மக்களுக்கு அளித்த ஒருவரது வரலாற்றையும், அவ்வரலாறு செட்டிநாட்டு வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் வகையையும் இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றேன்.

அவர் 'கல்கி' என்னும் புனைபெயரால் உலகறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். இக்காலத்து இளைஞர் அவரைப் 'பொன்னியின் செல்வன்' எழுதிய நாவலாசிரியராகவே அறிவர். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அக்கதை திரைப்படமாக வெளிவந்த பின்னர் அப்பெயர் இல்லந்தோறும் வழங்குகின்றது. ஆயினும் நாவலாசிரியர் என்னும் புகழ் நிலைபெறு முன்னரே, ஆடல், பாடல், நாடகம், பேசும்படம் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதிய விமரிசகராக அவர் தமிழ்நாட்டிற் பெயர் பெற்றிருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. நாவலாசிரியரைப் பற்றி எழுதியோர் பலர் உளராதலின், யான் விமரிசகரைப் பற்றியே பேசுவேன்.

கல்கி 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கணக்கர். நம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தினின்றும் பாண்டிநாடு போந்தனர் என்பது நம் மரபுச் செய்தியன்றோ? அப்பூம்புகார்ப் பக்கத்துக் காவிரிக் கழனிகளின் நடுவே வளர்ந்தவரே இவரும். கோயில் நாகசுரமும், பஜனை மடமும், இரவெல்லாம் நடைபெறும் ஹரிகதையும் நிறைந்த நாடு அது. இசைக்கு அவரது செவி பழகியது பள்ளியிலன்று, அந்த நாட்டுச் சூழலிலேயாம்.

திருச்சிராப்பள்ளியிற் கற்றுக்கொண்டிருந்த காலத்து, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தின்பொருட்டு 1921-இற் படிப்பை நிறுத்தினார். 1922-இல் ஓராண்டுச் சிறைவாசம் எய்தினார். பின்னரும் இருமுறை நாட்டு விடுதலைக்காகச் சிறை புகுந்தார். 1923-இல் திரு.வி. கலியாணசுந்தரனாரின் 'நவசக்தி'யிற் சேர்ந்து பத்திரிகைத் தொழில் பயின்றார். பின்னர்த் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியுடனிருந்து, மதுவிலக்கிற்கென நடத்தப்பெற்ற 'விமோசனம்' இதழுக்குத் துணை புரிந்தார். எஸ்.எஸ். வாசன் 1928-இல் ஏற்று நடத்திய 'ஆனந்த விகட'னில் எழுதிவந்த அவர், 1931-இல் அதன் ஆசிரியப் பொறுப்பையே மேற்கொண்டார்.

அப்பத்திரிகையில் 'ஆடல் பாடல்' என்னும் தலைப்பின்கீழ் அவர் எழுதிய விமரிசனங்களுக்கு இட்டுக்கொண்ட புனைபெயர் 'கர்நாடகம்' என்பது. அப்பெயரின் நயத்தைச் சிறிது நோக்குவோம். கர்நாடகம் என்பது நம் தென்னாட்டுச் சங்கீதத்தின் பெயர். புதுமை அறியாப் பழம்போக்கினரை, 'அவர் சுத்தக் கர்நாடகம்' என்று இளைஞர் எள்ளி நகையாடுதலும் உலக வழக்கு. அவ்விரு பொருளும் தோன்றத் தம்மைத் தாமே கேலிசெய்துகொள்ளும் பெயரை ஒருவர் சூடிக்கொண்டால், அவர் பிறரைக் கேலி செய்யுங்கால் யார் சினக்க இயலும்? 'யான் புலமையுடையேன், யான் சொல்வதைக் கேண்மின்' என்று மேடையேறாமல், 'யானும் உம்மோடு கூட்டத்தில் அமர்ந்து கேட்டவன்' என்று வாசகர் பக்கத்தே அவர் அமர்ந்தார். அவர் பெற்ற வெற்றிக்கு முதற்காரணம் இதுவென்றே கருதுகின்றேன்.

அக்காலத்துக் கலையுலகின் நிலையும் அறியற்பாலது. மன்னரும் ஜமீன்தாரும் மடாதிபதிகளும் புரந்த சங்கீதம், சென்னை முதலிய நகரங்களிற் சபைகளை நாடி வந்துவிட்டது. சீட்டு வாங்கி நுழைந்த எவரும் அங்கே கேட்கலாயினர். கிராமபோன் இசைத்தட்டு வீடுகளில் ஒலித்தது. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது. 1938-இற் சென்னையில் வானொலி நிலையம் தோன்றியது. முன்னர் அரண்மனையிற் சிலர் கேட்டதை இப்போது ஆயிரவர் கேட்டனர். கேட்போர் பெருகினரேயன்றிக் கேட்கும் முறையைச் சொல்லுவார் பெருகவில்லை. சங்கீதத்தைப் பற்றி எழுதினால் அது வித்துவான்களுக்கே விளங்கும் இலக்கணமாக இருந்தது. இல்லையேல் வித்துவானின் பட்டங்களை அடுக்கிய புகழ்மாலையாக இருந்தது. இவ்விரண்டிற்கும் இடையே, பாட்டைக் கேட்டு வீடு திரும்புவோன் தன் மனைவி மக்களிடம் சொல்லும் சொல்லிலேயே சங்கீதத்தைப் பற்றி எழுதலாம் எனக் காட்டியவர் கல்கி.

அந்நாளையக் கச்சேரி முறையைச் செவ்விதின் அமைத்தவர் என்று போற்றப்படும் வித்துவான், காரைக்குடிக்கு அயலதாகிய அரியக்குடியிற் பிறந்த இராமானுஜ ஐயங்கார் (1890–1967) ஆவார். காரைக்குடி வீணைச் சகோதரர்களின் புகழ் தென்னாடெங்கும் பரவியிருந்தது. நம் வளவுகளின் திருமணங்களில் நாகசுரமும் பாட்டுக் கச்சேரியும் நாட்கணக்கில் நடைபெற்றமையை நம் ஆச்சிமார் இன்றும் நினைவுகூர்வர். ஆதலின் கலைஞரும் நம்மிடையே இருந்தனர், புரவலரும் இருந்தனர். இருவர்க்கும் இடையே நின்று எடுத்துரைப்பாரே குறைவாயினர்.

விமரிசகராகிய கல்கி எவர்க்கும் அஞ்சினாரல்லர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1935-இல் 'பக்த நந்தனார்' என்னும் படம் வெளிவந்தது. நந்தனாராக நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்ற செய்தியே நாட்டை வியப்பில் ஆழ்த்தியது. மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக நடித்தார். விளம்பரம் விண்ணைத் தொட்டது. கல்கியோ அப்படத்தில் நடிகர்களினும் பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே நன்கு நடித்தன என்னும் கருத்துப்பட எழுதினார். அந்த நகைச்சுவையினுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. நாடக மேடையிற் குரலெடுத்துப் பாடிய பழக்கத்தைக் கழற்றாமலே நடிகர் படக்கருவியின்முன் நின்றனர். மரத்திற்கும் மாட்டிற்கும் அப்பழக்கம் இல்லை. ஆகவே அவை இயல்பாக நின்றன. பேசும்படம் என்பது நாடகத்தைப் படம்பிடித்தலன்று, தனியொரு கலை என்னும் பாடத்தை, இலக்கணம் ஒன்றும் கூறாமலே வாசகர் உள்ளத்தில் இவ்வாறு பதித்தார்.

இனி நம் நாட்டு வரலாற்றோடு இவ்வரலாறு கலக்கும் இடத்திற்கு வருவோம்.

கானாடுகாத்தானிற் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) 1929-இற் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியமை யாவரும் அறிந்தது. அங்கே இசைக்கும் இடந்தந்த அவர் உள்ளத்தை ஒரு கவலை வருத்தியது. தமிழ்நாட்டு மேடையிலே தமிழ் மக்கள் முன்னே தமிழ் வித்துவான்கள் பாடும் கச்சேரியில், முதன்மையான உருப்படிகள் யாவும் தெலுங்கும் வடமொழியுமாக இருந்தன. தமிழ்ப்பாட்டுக்குக் கிடைத்த இடம் கச்சேரியின் கடைசியில், 'துக்கடா' என்னும் பெயரால், கேட்போர் எழுந்து செல்லுங்கால் பாடப்படும் இடம். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் பிறந்த நாட்டில் நிலைமை இஃதாயிற்று.

1941-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இடையில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப்பாட்டுக்கு முதன்மை வேண்டும் என அம்மாநாடு தீர்மானித்தது. பின்னர்த் தேவகோட்டை உள்ளிட்ட பல ஊர்களிலும் இத்தகைய மாநாடுகள் கூடின. சென்னைச் சங்கீத வித்வத் சபை இதனை ஏற்கவில்லை. சங்கீதத்தில் மொழியைப் புகுத்தலாகாது என்று அறிஞர் பலர் கண்டித்தனர்.

அவ்வாண்டே கல்கி ஆனந்த விகடனை நீங்கி, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் மூன்று திங்கள் சிறையிருந்து மீண்டு, டி. சதாசிவத்துடன் 'கல்கி' என்னும் சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் முதலிதழ் 1941 ஆகஸ்டு 1-ஆம் நாள் வெளிவந்தது. மாநாட்டிற்கும் அவ்விதழின் பிறப்பிற்கும் இடையே இரண்டு வார காலமே உண்டு. புதுப்பத்திரிகை ஒன்று பிறந்தவுடனே பெரும்பகையைத் தேடிக்கொள்ளுதல் வணிக முறையன்று. சந்தாதாரரிற் பலரும் விளம்பரந் தருவோரிற் சிலரும் எதிர்க்கட்சியினராக இருத்தல் கூடும். அவரோடு பழகிய சென்னைச் சபைகளின் பெரியோர் பலரும் மறுபக்கத்தே நின்றனர். அவ்வாறிருந்தும் கல்கி தமிழிசையின் பக்கம் நின்று இதழ்தோறும் எழுதினார்.

எதிர்ப்பக்கத்தார் கூறியவற்றை நடுநிலையோடு நோக்குதல் நம் கடன். அவர் கூறியவை மூன்று. இசையின் உயிர் நாதமே, சொல்லன்று என்பது ஒன்று. தியாகையர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மூவரின் கிருதிகளே இக்கலையின் கொடுமுடி. அவற்றை விலக்கினால் கலை குன்றும் என்பது மற்றொன்று. கச்சேரி முழுவதும் பாடத்தக்க தரமான தமிழ் உருப்படிகள் போதிய அளவில் இல்லை என்பது மூன்றாவது. இவை வெறும் வாதங்களல்ல. இவற்றை உரைத்தோரிற் பலர் கலையைத் தம் உயிரெனக் கருதியவர்.

முதலிரண்டிற்கும் விடை தந்தது கல்கியின் எழுதுகோல். தியாகையரின் இசையை அவர் எவர்க்கும் குறையாது போற்றியவர். அதனை விலக்க வேண்டும் என்று கூறினாரல்லர். அவர் வாதத்தின் சாரம் இது: இசையும் சொல்லும் கூடுமிடத்தே உள்ளம் உருகுகின்றது. தியாகையர் தம் இராமனை அழைத்ததும் தமக்கு விளங்கிய தாய்மொழியிலன்றோ? அம்மொழி அறிந்த நாட்டினர் அதனைக் கேட்டுப் பெறும் இன்பம் முழுமையானது. தமிழனும் அத்தகைய முழு இன்பத்தைத் தன் மொழியிற் பெற உரிமையுடையவன். அந்த உரிமையைக் கேட்டல் பிறமொழி வெறுப்பு ஆகாது.

மூன்றாவது வாதத்திற்கு எழுத்தினால் மட்டும் விடை தர இயலாது. பாட்டு இல்லையெனின் பாட்டு வேண்டும். பாட்டிற்குச் சுரதாளக் குறிப்பு வேண்டும். அதனைக் கற்பிக்கும் ஆசிரியரும், பாடும் மேடையும் வேண்டும். இவை பொருளாலும் நிறுவனத்தாலும் முடிவன. ராஜா சர் அதனைச் செய்தார். பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது. 1943-இற் சென்னையிற் தமிழ் இசைச் சங்கம் தோன்றி, அவ்வாண்டே இசைவிழாவும் நடைபெற்றது. தேவாரப் பண்களின் ஆராய்ச்சியை அச்சங்கம் 1949 முதல் நடத்தலாயிற்று. 1952-இல் அதற்கெனச் சென்னையில் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது.

இவ்விடத்தே நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. எழுதுகோல் மட்டும் இருந்திருப்பின் அவ்வியக்கம் பத்திரிகைச் சண்டையாகவே முடிந்திருக்கும். பொருள் மட்டும் இருந்திருப்பின், 'செல்வர் தம் செல்வத்தால் வித்துவான்களை வளைக்கின்றனர்' என்னும் பழியே எஞ்சியிருக்கும். பொருளுடையார் செய்த செயலின் நியாயத்தைப் பொருளற்ற பொதுமக்களுக்கு எடுத்துக்கூற, அவர்கள் நம்பும் ஒருவர் வேண்டியிருந்தார். கல்கியை அவர்கள் நம்பியது, அவர் முன்னர்ப் பத்தாண்டுக் காலம் நன்றை நன்றென்றும் குறையைக் குறையென்றும் எழுதிவந்தமையால். அந்நாளில் இவ்வழக்கைச் சாதிப் பூசலாகக் கருதியோரும் உளர். ஆனால் செட்டிநாட்டு வணிகர் ஒருவரும், தஞ்சைத் தரணியின் அந்தணர் ஒருவரும், இராஜாஜியும், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரும் ஓரணியில் நின்றமை அக்கருத்தைப் பொய்யாக்கும். நம் மரபின் பெருமையென நாம் கொண்டாடும் ஒரு செயலிற் பிற குலத்தாரின் உழைப்பும் கலந்துள்ளது என்பதை நம் மக்களுக்கு நாமே சொல்லுதல் நன்று.

புகழ்ச்சி மட்டும் கூறின் அது வரலாறு ஆகாது. கல்கியின் தொழிலிற் குறைகளும் இருந்தன. 1930-களின் இடையில் பாரதியாரை மகாகவி எனலாமா என்று எழுந்த வழக்கில், அவரை அவ்வளவு உயர்த்த வேண்டுவதில்லை என்னும் பக்கத்தே கல்கி நின்றார். பின்னர் அவரே எட்டயபுரத்தில் பாரதி மண்டபம் எழும்பப் பத்திரிகை வாயிலாகப் பொருள் திரட்டினார். அம்மண்டபம் 1947-இல் திறக்கப்பெற்றது. தம் பழைய தீர்ப்பைச் செயலால் திருத்திக்கொண்டமை அவர்க்குப் பெருமையே.

மற்றொரு குறை இதனினும் நுண்ணியது. விமரிசகர் மெல்ல மெல்லக் களத்திலும் இறங்கினார். 1939-இல் அவரது 'தியாகபூமி' படமாகியது. 1945-இல் வெளிவந்த 'மீரா'விற் பாட்டுக்களும் எழுதினார். அப்படத்தின் நாயகி எம்.எஸ். சுப்புலட்சுமி, பத்திரிகைப் பங்காளியாகிய சதாசிவத்தின் மனைவியார். அவ்வம்மையாரின் இசையைப் பற்றிக் 'கல்கி' புகழ்ந்தெழுதுங்கால், அது விமரிசகரின் சொல்லா, நண்பரின் சொல்லா என்று வாசகர் ஐயுறுதல் இயல்பு. அவ்வம்மையாரின் இசை எப்புகழுக்கும் தகுதியுடையதென்பதை உலகமே பின்னர் ஒப்புக்கொண்டது. எனினும் தராசு பிடிப்போன் கடையிலும் பங்குடையவனாயின், எடை சரியாக இருப்பினும் வாங்குவோன் மனம் ஐயுறும். வணிக மரபினராகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இதே காலத்துச் சென்னையில் வேறொரு வகைக் கலைப்பத்திரிகையும் நடைபெற்றது. 'சினிமா தூது', பின்னர் 'இந்துநேசன்' ஆகியவற்றை நடத்திய லட்சுமிகாந்தன், நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய அவதூறுகளையே விற்பனைப் பொருளாக்கினார். 1944 நவம்பரில் அவர் தெருவிற் கத்தியாற் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்து, 1947-இல் விடுதலையாயினர். கல்கியும் நடிகரைக் கடிந்தெழுதினார். ஆனால் அவர் கடிந்தது மேடையிலும் திரையிலும் யாவரும் கண்டதை. மற்றவர் எழுதியது வீட்டுக் கதவிற்குப் பின்னுள்ளதை. கலைபற்றிய எழுத்து எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இவ்விருவர் வாழ்வும் எல்லைக்கற்களாக நிற்கின்றன.

கல்கி 1954 டிசம்பர் 5-ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதிற் காலமானார். நாவல்கள் நூலாகி நிலைத்தன. விமரிசனமோ வாரப்பத்திரிகைத் தாளில் வாழ்வது; தாள் மக்கினால் அதுவும் மக்கும். இத்துறையில் நம் நாட்டார் செய்த தொண்டை மறத்தல் தகாது. தமிழ்ப் பண்ணை என்னும் பதிப்பகம் நடத்திய சின்ன அண்ணாமலை, இராஜாஜி, கல்கி முதலியோரின் நூல்களை வெளியிட்டார். கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் பழந்தாள் கடைக்கு எறிந்த நூல்களையும் இதழ்களையும் தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின்னர், ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுதியே 1994-இற் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ்ப் பத்திரிகை வரலாற்றை ஆராய்வோர் உலகின் எப்பகுதியினராயினும் அந்நூலகத்தின் வாயிலை மிதியாது செல்லார்.

முடிவாக என் வகுப்பறையிற் கண்டதொன்றைக் கூற விழைகின்றேன். சென்ற ஆண்டு கோயில் திருவிழா ஒன்றில் இசைக்கச்சேரி நடைபெற்றது. மறுநாள் மாணாக்கரை நோக்கி, 'நேற்றுக் கேட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வருக' என்றேன். விளக்கின் அழகையும், மேடையின் அகலத்தையும், உபயதாரர் பெயரையும், செலவாகியிருக்கக்கூடிய தொகையையும் அவர்கள் அழகுற எழுதினர். பாடப்பட்ட பாட்டு ஒன்றையேனும் குறித்தவன் ஒருவனே. அவனும், 'பொருள் விளங்கவில்லை. ஆயினும் நடுவில் ஓரிடத்தில் ஏனோ கண் கலங்கியது' என்று எழுதியிருந்தான். அவ்வொரு வரிக்காகவே அவனுக்கு முழு மதிப்பெண் அளித்தேன். மற்றையோர்மேற் குறை கூறேன். நம் இல்லங்களிலும், கச்சேரி முடிந்தபின் பேசப்படுவது எவர் உபயம், எத்தனை பேர் வந்தனர் என்பதேயன்றோ?

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். திருமண அழைப்பிலும் விழா அறிக்கையிலும் உபயதாரர் பெயருக்குக் கீழே, பாடப்படும் பாட்டுக்களின் பெயரையும் இயற்றியவர் பெயரையும் அச்சிடுக. இவ்விதழிலும் திங்கள்தோறும் ஒரு பக்கம் ஒதுக்கி, நம் ஊர்களில் நடைபெற்ற இசையையும் நாடகத்தையும் பற்றி எழுதச் செய்க. எழுதுவோர் நம் பிள்ளைகளாகவே இருக்கட்டும். ஆனால் உபயதாரர் நம் உறவினராயினும், சங்கத்தின் தலைவரேயாயினும், பாட்டில் குறையிருப்பின் குறையென்று எழுதும் உரிமையை அவர்களுக்கு அளித்தல் வேண்டும். அவ்வுரிமை இல்லாத பக்கம் விளம்பரப் பக்கமாகிவிடும். அதனைப் படித்து எவரும் கேட்கக் கற்றலும் இல்லை. நாம் செய்த உபயத்தை நம்பிப் போற்றுதலும் இல்லை.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் மன்றம் அளித்தார். கல்கி அதில் அமர்ந்து கேட்பாரை அளித்தார். முன்னதை ஒப்பன செய்ய நம்மிடம் இன்றும் செல்வம் உண்டு. பின்னதற்கு நம் பிள்ளைகளைப் பயிற்றுவோமாக.